தூங்குபவர் கையெழுத்து செல்லாது

நான் தூங்க ஆரம்பித்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அன்று திங்கட்கிழமை. காலையில் எழுந்து பல் தேய்த்தேன். இட்லி நான்கு சாப்பிட்டேன். அப்பா என் தட்டைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "தூக்கத்துலயும் பிள்ளைக்குப் பசிக்கி, பாத்தியா?" என்றார்.

"நான் முழிச்சுத்தான்ப்பா இருக்கேன்," என்றேன்.

"பேசவும் செய்யிதா," என்றார் அப்பா, குரலைத் தாழ்த்திக்கொண்டு. தூங்குபவர் இருக்கும் வீட்டில் சத்தம் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். அம்மா சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

கதவில் சான்றிதழ் தொங்கியது. பெயர்: ச. ஆவுடைச்செல்வி. வயது: பதினெட்டு. நிலை: நித்திரை. காலம்: நூறு ஆண்டு. கீழே பச்சை மையில் கையெழுத்து, அதன் மேல் வட்ட முத்திரை. பச்சை மையை எதிர்த்து எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

இதெல்லாம் ஒரு தபாலால் வந்தது.

எனக்குக் கைக்குழந்தையில் காதுகுத்து வைத்தபோது அப்பா பதிமூன்று வீட்டை அழைக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வீட்டுக்குத் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு நேரில் போனார். பதிமூன்றாவது அவருடைய சொந்த அக்கா, பிரமு அத்தை. அன்றைக்கு வெயில் அதிகம். பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டார். அதுவும் ஒட்டாத கவரில், குறைந்த விலைத் தபால்தலை ஒட்டி, மேலே 'புத்தக அஞ்சல்' என்று எழுதி. கூடப்பிறந்தவளை ஒட்டாத கவரில் அழைத்த மனிதர் எங்கள் ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான்.

பன்னிரண்டு வீட்டாரும் வந்து வாழ்த்தினார்கள். ஒருவர் அழகு கொடுத்தார். ஒருவர் அடக்கம் கொடுத்தார். இரண்டு பேர் கலந்து பேசாமல் பொறுமையையே கொடுத்துவிட்டதால் அது எனக்கு இரட்டிப்பாக இருக்கிறது. மற்றவர்கள் எவர்சில்வர் குடம்.

பிரமு அத்தை கடைசியாக வந்தாள். பந்தலுக்குள் நுழையவில்லை. கை நனைக்கவில்லை. ஒட்டாத கவரைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். "இந்தக் காதுல ஏறுன ஊசி பதினெட்டு வயசுல இன்னொரு தடவ ஏறும். நூறு வருசம் தூங்குவா," என்றாள். வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள்.

அப்பா அன்றிலிருந்து ஊசியை ஒழித்தார். தையல்காரரைத் தெருவை விட்டே அனுப்பினார். சட்டைப் பொத்தான்களைச் சோற்றுப் பசையால் ஒட்டினார். தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாவிடம் எனக்கு உடம்பே கிடையாது என்று எழுதிக் கொடுத்தார். ஊரில் ஒரு ஊசிகூட மிச்சமில்லை என்று சான்றிதழும் வாங்கி வைத்தார்.

ஊக்கை மட்டும் விட்டுவிட்டார். அம்மாவின் தாலிக்கொடியில் எந்நேரமும் ஐந்தாறு ஊக்கு தொங்கும். பதினெட்டு வருடம் அவர் கண்ணுக்கு எதிரிலேயே தொங்கின. அவர் அந்தப் பக்கம் பார்த்ததில்லை.

பிறந்தநாளன்று முதல்முறையாகச் சேலை கட்டினேன். அம்மா முந்தானையை மடிப்பெடுத்துத் தோளில் ஊக்கு குத்தினாள். கை நழுவிவிட்டது. "ஸ்" என்றேன். ஒரு புள்ளி ரத்தம் வந்தது. அம்மா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அரை மணி நேரத்தில் நித்திரைப் பதிவு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து என் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். நான் இமைத்தேன். 'கண் மூடுகிறது' என்று எழுதிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் வீட்டைச் சுற்றிச் சீமைக்கருவேலம் முளைத்துவிட்டது. ஓட்டு உயரம். நான் வாசலில் இறங்கினால் அது எங்கே போகிறேன் என்று பார்க்கும். கோயில் என்றால் வழிவிடும். சொந்தக்காரர் வீடு என்றால் வழிவிடும். அரசு அலுவலகம் என்றால் தாராளமாக விடும். பஸ் ஸ்டாண்டு என்றால் மூடிக்கொள்ளும்.

எனக்கு வேண்டியதோ பஸ் ஸ்டாண்டுதான். தூத்துக்குடியில் மீன்வளம் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதே வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள் எனக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை இளவரசர். பெயர் அரிகரசுதன். இளவரசர்தான் என்பதற்குத் தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். போன வாரம் வெள்ளைக் குதிரையில் என்னைப் பெண் பார்க்க வந்தார். குதிரையைச் சைக்கிள் ஸ்டாண்டில் விட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். கூடவே அவருடைய அம்மா. என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள்.

"பிள்ளை ரொம்ப அமைதி," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்," என்றேன்.

"குரலும் நல்லாருக்கு."

அப்பா முறைப்படி எழுப்புதல் படிவத்தை எடுத்து மாப்பிள்ளை முன்னால் வைத்தார். "இளவரசர் ஒரு கையெழுத்துப் போட்டா முழிச்சிருவான்னு விதி இருக்கு. உங்க இஷ்டம்."

மாப்பிள்ளை பதினான்கு பக்கத்தையும் படித்தார். பேனாவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டையில் செருகினார்.

"இப்படியே நல்லாத்தான இருக்காங்க," என்றார்.

"அதான," என்றார் அவருடைய அம்மா. "எந்திரிச்சா என்ன சொல்லுவாளோ!"

மாப்பிள்ளையின் நிதானம் அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. அங்கேயே பூ வைத்துவிட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். கெட்ட கனவு காண்கிறாள் என்று நெற்றியில் திருநீறு பூசினார்கள்.

ஆக, அந்தத் திங்கட்கிழமை இட்லியைச் சாப்பிட்டுவிட்டு நித்திரைப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அது இரண்டு மாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். என் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து நடந்தேன். தாழ்வாரம் நீள ஆரம்பித்தது. நானும் விடாமல் நடந்தேன். சாப்பாட்டு இடைவேளைக்கு மணி அடித்ததும்தான் அது நின்றது. நல்லவேளையாக எழுத்தர் பொன்னுலிங்கம் மேசையிலேயே சாப்பிடுகிறவர். மேசையில் கோப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு தலையணையும் இருந்தது.

"என்ன வேணும்?"

"நான் முழிச்சிருக்கேன்னு எழுதித் தாங்க சார்."

"யாரு முழிச்சிருக்கா?"

"நான்."

சான்றிதழை வாங்கிப் படித்தார். "நீ தூங்குதன்னுல்லா போட்டிருக்கு."

"தப்பாப் போட்டிருக்கு."

"தப்புன்னா திருத்திருவோம். அதுக்குத்தான நாங்க இருக்கோம்." ஒரு மனுவை நீட்டினார். நான் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தூங்குறவங்க கையெழுத்து செல்லாது."

"வேற யார் போடணும்?"

"முழிச்சிருக்கவங்க. இளவரசரா இருக்கணும்."

"அவரு போட மாட்டேங்காரு."

"அப்போ நீ நல்லாத் தூங்குதன்னு அர்த்தம்," என்று மோரை ஊற்றிக்கொண்டார்.

இதுவரை எத்தனை பெண்கள் விழித்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, 'விழித்தோர்' என்று எழுதிய கோப்பை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு கரப்பான்பூச்சி மட்டும் இருந்தது. அதுவும் ஆண் என்றார். ஆணுக்குப் படிவம் தேவையில்லையாம்.

நான் எழுந்தேன். அவருக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். "ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்க," என்றார். "விதி ஒம்பது. தூக்கத்துல நடக்கிறவங்களை யாரும் தொடக் கூடாது, எழுப்பக் கூடாது. அதனாலதான் இவ்வளவு தூரம் உன்ன விட்டிருக்காங்க. பாத்துப் பத்திரமா வீடு போய்ச் சேரு."

புதன்கிழமை பிரமு அத்தை வீட்டுக்குப் போனேன். முறை தவறக் கூடாது என்று தாம்பாளம், வெற்றிலை பாக்கு, குங்குமம் எல்லாம் எடுத்துக்கொண்டேன். அத்தை காப்பி போட்டுக் கொடுத்தாள். நன்றாக இருந்தது. தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"என்னடி இது?"

"என்னை எழுப்புறதுக்கு உங்களை அழைக்க வந்திருக்கேன் அத்தை. நேர்ல."

"தூங்குறவ அழைச்சா அது அழைப்பா?" என்று தாம்பாளத்தை என் பக்கமே தள்ளினாள். பிறகு சுவரைக் காட்டினாள். பதினெட்டு வருடம் அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டாத கவர் தொங்கிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். இப்போது அதே சட்டத்தில் என் கல்யாணப் பத்திரிகை இருந்தது.

"நேத்து உங்கப்பன் வந்தான். மொதப் பத்திரிகை எனக்குத்தான். நேர்ல வந்து, தாம்பாளத்துல வச்சு, 'அக்கா நீதான் முன்ன நிக்கணும்'ன்னான்." அத்தையின் கண் கலங்கியது. "எனக்கு இப்போ அவன் மேல ஒரு கோவமும் இல்ல."

"கோவம் போயிட்டுன்னா சாபத்தையும் எடுத்துருங்க அத்தை."

"அது எதுக்கு? அதுபாட்டுக்கு ஒரு ஓரமாக் கெடக்கட்டும். நல்ல இடமால்லா அமைஞ்சிருக்கு."

அவ்வளவு பெரிய சாபத்திலிருந்து எங்கள் குடும்பம் கற்றுக்கொண்ட பாடம், அக்காவை நேரில் அழைக்க வேண்டும் என்பது. நான் தெருவில் அழுதுகொண்டே வந்தேன். வீட்டுக்குப் போகிறேன் என்பதால் முள் இரண்டு பக்கமும் அகலமாக விலகி நின்றது.

வெள்ளிக்கிழமை வந்தது. கல்யாண மண்டபம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம். விடியும்போதே சீமைக்கருவேலம் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப்போய் மண்டபத்தைச் சுற்றி நின்றுகொண்டது. மாப்பிள்ளையின் குதிரை வர வேண்டும் என்று, பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டப வாசல்வரை ஆள் வைத்து முள்ளை வெட்டிப் பாதை போட்டிருந்தார்கள். நல்ல நேரான பாதை.

என்னை மணையில் உட்காரவைத்தார்கள். நானூறு பேர் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். என் தூக்கம் கெடக் கூடாது என்று ஐயர் மந்திரத்தை வாயசைத்துச் சொன்னார். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பவைத்து ஊதாமல் ஊதினார். தவில்காரர் தோலுக்கு அரை விரல் மேலே நிறுத்தி நிறுத்தி அடித்தார். எல்லோரும் என் மேல் அவ்வளவு அக்கறையாக இருந்தார்கள். மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்துத் தானே மோர் குடித்தார்.

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகக் கூட்டத்துக்குள் போனது. முதலில் அத்தை தொட்டாள். என் முந்தானை தோளிலிருந்து நழுவியது.

அம்மா மணைக்குப் பின்னால் வந்து குனிந்தாள். தாலிக்கொடியிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினாள். மடிப்பை எடுத்துத் தோளில் வைத்தாள். வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"அன்னைக்கு ரொம்ப வலிச்சிட்டா?"

இருபத்தேழு நாளில் எனக்கு வலித்ததா என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல்முறை.

"இல்லம்மா."

"பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

"ஒம்பதே முக்கால்."

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது முப்பத்தெட்டு. இந்த முறை அவள் கை நழுவவில்லை. ஊக்கைச் சேலையில் மட்டும் குத்தி மூடினாள். முந்தானைக்கு அடியில் என் மடியில் ஒரு மஞ்சள் பை வந்து விழுந்தது. தொட்டுப் பார்த்தேன். மார்க் ஷீட், கல்லூரிக் கடிதம், கொஞ்சம் பணம், இரண்டு சுடிதார்.

நான் எழுந்து நின்றேன்.

மண்டபம் மூச்சை நிறுத்தியது. அப்பா பாதி எழுந்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா கையை நீட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"யாரும் தொடாதீங்க!" என்று அம்மா கத்தினாள். அந்த மண்டபத்தில் அன்று கேட்ட ஒரே சத்தம். "தூக்கத்துல நடக்கா! எழுப்பினா ரத்தம் கக்கிருவா!"

நீட்டிய கை அப்படியே நின்றது. நான் மேடையை விட்டு இறங்கினேன். ஐயர் குத்துவிளக்கை என் வழியிலிருந்து தள்ளிவைத்தார். மாப்பிள்ளை எனக்குத் தடுக்கக் கூடாது என்று காலை மடக்கிக்கொண்டார். பிரமு அத்தைதான் முன்னே நின்றாள். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் தூக்கி ஓரமாக வைத்தாள். மரியாதைக்காக நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன்.

"எப்போ திரும்புவாங்க?" என்று மாப்பிள்ளை பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

"நடந்து முடிச்சதும்," என்றாள் அம்மா.

அப்பாவுக்கு விருந்தாளிகள் முன்னால் சங்கடமாக இருந்தது. "பழக்கந்தான். ஒரு சுத்து சுத்திட்டு வந்துருவா," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவரே முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். இருபக்கமும் பார்த்துவிட்டு, "படி இருக்கு," என்று மெதுவாகச் சொன்னார். அவரை அந்த ஒரு நொடி எனக்குப் பிடித்திருந்தது. பிறகு படி இறங்கினேன்.

குதிரைக்காக வெட்டிய பாதை திறந்தே கிடந்தது. இரண்டு பக்கமும் முள் என்னைப் பார்த்து விறைத்து நின்றது. வெட்டிய இடத்தில் முளைக்க அதற்கு அனுமதி வந்து சேரவில்லை. குதிரை ஒதுங்கி நின்றது. திரும்பிப் பார்த்தேன். அம்மா வாசலை மறித்துக்கொண்டு, யாரையும் விடாமல், உதட்டின் மேல் விரலை வைத்து நின்றாள்.

பஸ் கிளம்பிவிட்டது. ஓடி ஏறினேன். ஜன்னலோரம் இடம் இருந்தது. கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"எங்க?" என்றார் கண்டக்டர்.

"தூத்துக்குடி ஒண்ணு."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என் பட்டுச் சேலையைப் பார்த்தார். நெற்றிச் சுட்டியைப் பார்த்தார். பாதி மூடிய கண்ணைப் பார்த்தார்.

"தூங்குதியாம்மா?"

"ஆமாண்ணே."

"எந்த ஸ்டாப்புல எழுப்பணும்?"

"எழுப்ப வேண்டாம்ண்ணே," என்றேன். "நானே இறங்கிக்கிடுவேன்."