அவ மாட்டினது

லேப்டாப்புக்குப் பக்கத்தில் டேபிள் ஃபேன் வைத்துக்கொண்டு விளையாடுகிற நிலைமை வந்த பிறகுதான் அந்த வீட்டில் பேச்சு சூடு பிடித்தது. புதிதாக ஒரு டெஸ்க்டாப் வேண்டும் என்பதில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே கருத்துதான். ரெடிமேடாக வாங்குவதா, பாகங்களை வாங்கி வீட்டிலேயே மாட்டுவதா என்பதில்தான் இழுபறி.

அவர் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். பகல் முழுக்க வேறு யாராவது ஸ்டியரிங்கைப் பிடித்துத் தடுமாற, தான் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டாவது பிரேக்கின்மேல் கால் வைத்து உட்கார்ந்திருப்பதுதான் அவர் பிழைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரேஸ் கேமில் கண்மண் தெரியாமல் ஓட்டினால்தான் மனசு ஆறும். அப்போதும் வலது கால் தன்பாட்டுக்குத் தரையை மிதித்துக்கொண்டிருக்கும்.

அவளுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்டை ஏற்றி இறக்குகிற கண்ட்ரோல் பேனல்களுக்கு ஒயர் மாட்டுகிறவள். எல்லாவற்றையும் இடது கையால் செய்வதால் அங்கே அவளுக்கு நொட்டாங்கை என்று பெயர். சூப்பர்வைசரே அப்படித்தான் கூப்பிடுவார். கோபித்துக்கொள்வதை அவளும் எப்போதோ விட்டுவிட்டாள். விளையாட்டில் அவளுக்குப் பிடித்தது துப்பாக்கி. பதுங்கி, மூச்சைப் பிடித்து, ஒரே குண்டு. கேமில் அவள் சுட்டு விழுந்து கிடக்கிற மாஸ்டர், "உன்கூட ஜாக்கிரதையாத்தான் குடித்தனம் நடத்தணும்" என்பார்.

"பாகம் பாகமா வாங்கி நீ மாட்டறே, சரி. ஓடலேன்னா யாரைப் போய்க் கேக்கறது?"

"என்னைக் கேளுங்க."

"உன்னைக் கேட்டா நீ என்னைத்தான் திட்டுவே. கடைக்காரன்னா நான் திட்டலாம்."

"ஊர்ல இருக்கற லிஃப்டுக்கெல்லாம் மாட்டறேன். எனக்குன்னு ஒண்ணு மாட்டக் கூடாதா?"

அவர் சிரித்து மழுப்பிவிட்டார். அவள் அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, யார் யாரோ கம்ப்யூட்டர் மாட்டுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, இந்த மதர்போர்டு, இந்த கிராஃபிக்ஸ் கார்டு, கலர் விளக்கு மினுக்காத ஒரு வெள்ளை கேபினெட் என்று எல்லாவற்றையும் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். அவரிடம்கூட அந்த விவரத்தைச் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

கடைசியில், சும்மா விலை விசாரித்துவிட்டு வரலாம் என்று இருவரும் கிளம்பினார்கள். மாடிப்படிக்குக் கீழே குகை மாதிரி நீண்டு போகிற கடை. கல்லாவில் இருந்த கடைக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். மேஜைமேல் ஒரு டெஸ்க்டாப் தயாராக இருந்தது. வெள்ளை கேபினெட். விளக்கு மினுக்கவில்லை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மாஸ்டர் கேட்க, கடைக்காரர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்த அதே பாகங்கள், ஒன்று பிசகாமல்.

"இவங்களுக்கு நான் போய் என்ன சொல்றது" என்று அவளைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார் கடைக்காரர். வியாபாரப் பேச்சு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"பாத்தியா, உன் வேலையையும் சேத்து செஞ்சு வெச்சிருக்காங்க" என்றார் மாஸ்டர். மறுப்பதற்கு அவளிடம் காரணம் எதுவும் இல்லை. வாங்கிவிட்டார்கள்.

பழுது சொல்ல முடியாத கம்ப்யூட்டர். எவ்வளவு ஓட்டினாலும் சூடாகவில்லை. ஓடுகிற சத்தமே கிடையாது. பவர் பட்டனில் எரிகிற பச்சை விளக்கைப் பார்த்துத்தான் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாஸ்டர் தலைகால் புரியாமல் ஓட்டினார். அவளுக்குத்தான் அடுத்தவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாஸ்டர் வகுப்புக்குப் போயிருந்தார். ஒயரையெல்லாம் எப்படித்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், பார்த்துவிடுவோமே என்று கடை ஸ்டிக்கரைக் கிழித்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றினாள்.

முதலில் கண்ணில் பட்டது ஒயர்க் கட்டு. எல்லோரும் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி வாலை வெட்டிவிடுவார்கள். இதில் மெழுகு நூலால் கட்டியிருந்தது. அந்த முடிச்சை அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் ரிப்பன் தொலைந்துபோனால் பின்னல் நுனியில் அவளாகக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்ட முடிச்சு. கம்பெனியிலும் அதைத்தான் போடுவாள். சூப்பர்வைசர் திட்டிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். உலகத்தில் வேறு யாரும் அதைப் போட்டு அவள் பார்த்ததில்லை.

பிறகு ஸ்க்ரூக்கள். முறுக்கி முடித்த ஸ்க்ரூ தளர்ந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகக் கம்பெனியில் ஒவ்வொன்றின் தலைமேலும் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார்கள். மற்றவர்கள் கோடு ஒரு பக்கம் சாயும், இடது கையால் இழுப்பதால் அவளுடையது மறுபக்கம் சாயும். இங்கே எல்லா ஸ்க்ரூவிலும் கோடு. எல்லாம் அந்த மறுபக்கம்.

தகட்டின் உட்புறத்தில் சிவப்பாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டு. அவள் தன் இடது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். ஒயர் உரிக்கிற கத்தி பட்ட பழைய தழும்பு. விரலை அதன்மேல் வைத்தாள். இம்மி விலகாமல் பொருந்தியது.

வீடு அமைதியாக இருந்தது. தெருவில் யாரோ வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் வந்து லைட்டைப் போட்டபோதுதான் இருட்டியது தெரிந்தது.

காட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் செல்லமாகத் தலையில் தட்டினார். "ஆசை அடங்கலேன்னு சொல்லு. பிரிச்சு மறுபடி மாட்டிட்டியாக்கும். அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சுக்கறே? நான் ஒண்ணும் சொல்லலியே."

"நான் இன்னைக்குத்தான் தொறந்தேன். இது எதையும் நான் செய்யலைங்க."

"அப்போ யாரு செஞ்சது?"

அதைத்தான் மறுநாள் கடையில் போய்க் கேட்டார்கள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு அவளையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா இது? நீங்கதானே மாட்டினீங்க. அன்னைக்கு வீட்டுக்காரரோட வந்து தெரியாத மாதிரி நின்னீங்களேன்னு, ஏதோ சர்ப்ரைஸாக்கும்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

"நானா?"

"வேற யாரு? காலையில வருவீங்க, மத்தியானம் வரைக்கும் உள்ள உக்காந்து வேலை பாப்பீங்க. சம்பளத்தைப் பத்திப் பேச்சே எடுத்ததில்ல. வேலை குடுத்தாப் போதும்னுதானே வந்தீங்க."

காலையில் அவள் எங்கே இருப்பாள் என்று ஊருக்கே தெரியும். பேனல் முன்னால் நின்றபடி ஒயர் உரித்துக்கொண்டிருப்பாள். அவள் கடையின் உள்பக்கம் நடந்தாள். கடைக்கோடியில் ஒரு வேலை மேஜை. ஸ்க்ரூ டிரைவர்கள் இடது பக்கம். விளக்கு வலது பக்கத்திலிருந்து விழுகிறது, கை நிழல் வேலையில் படாமல் இருப்பதற்காக. ஸ்டூலுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு, வெளி ஓரம் தேய்ந்தது. அவள் செருப்பும் அந்தப் பக்கம்தான் தேயும். போட்டுப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அன்னைக்கு இதை வாங்கிட்டுப் போனதுக்கப்புறம் நீங்க வேலைக்கு வரவே இல்ல" என்றார் பின்னால் வந்த கடைக்காரர். "கோவமோன்னு நெனச்சேன்."

வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறக்கும்போது மாஸ்டர், "கடை வேலைக்குப் போகணும்னா சொல்லியிருக்கலாமே. நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, தான் என்றைக்காவது லீவு போட்டதுண்டா என்பதை அவர் வாயாலேயே மாஸ்டருக்குச் சொல்ல வைத்தாள். "நொட்டாங்கையா? லீவு போடச் சொன்னாலும் போடாதே அது. ஏன், என்ன விஷயம்?"

மாஸ்டர் போனை வாங்கி, ஒன்றுமில்லை சார் என்று சொல்லி வைத்தார். அன்றைக்கு அவர் விளையாடவில்லை. அந்தக் கம்ப்யூட்டர்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பயம் எத்தனை நாளைக்குத்தான் பயமாகவே இருக்கும்? போர்வை முதலில் பாதி விலகியது, பிறகு மடித்து அலமாரிக்குப் போனது. மாஸ்டர் மறுபடி ஓட்டத் தொடங்கினார். அவள் மட்டும் அதன் பக்கம் போகவில்லை. வேறு கடையில் தனித்தனியாகப் பாகங்கள் வாங்கினாள். சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து, தன் கையால் தனக்கென்று ஒன்று மாட்டினாள். பவர் பட்டனை அழுத்தித் திரையில் எழுத்து வந்தபோது கண்ணில் தண்ணீர் தளும்பியது. "நம்ம வீட்ல இன்ஜினியர் இருக்கறது தெரியாமப் போச்சே" என்று மாஸ்டர் கை தட்டினார்.

இரண்டு கம்ப்யூட்டரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தன. கொஞ்ச நாள் கழித்து, ஹெட்ஃபோனைக் கழற்றியவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உன்னோடது லேசா இரையுது. அவ மாட்டினது சத்தமே இல்ல பாரு."

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்கிற மாதிரி, 'அவ' என்று சர்வ சாதாரணமாக வந்துவிட்டது. நொட்டாங்கை எட்டித் தன் கம்ப்யூட்டரை அணைத்தாள். பயம் இல்லை. பொறாமை என்று அவளுக்கே தெரிந்ததும் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. அந்த ராத்திரி அவள் தன் கம்ப்யூட்டரின் விசிறிகளைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். இரைச்சல் போகவில்லை.

அந்த இன்னொருத்தியை நேரில் பார்த்துக் கேட்டுவிடுவது என்று கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுத் தனியாகக் கடைக்குப் போனாள். அந்த மேஜையில் யாரும் இல்லை. பாதி மாட்டிய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. மெழுகு நூல் ஒயரைச் சுற்றி வந்து, முடிச்சு இறுகாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க வெச்சது வெச்சபடி இருக்கு. எனக்கு அந்த முடிச்சு வரலை" என்றார் கடைக்காரர், தன் தப்பு மாதிரி. "முடிச்சுக் குடுத்துட்டுப் போங்களேன். ஆள் வந்து வந்து கேக்கறாங்க."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இடது கை அதற்குள் நூலைப் பிடித்துவிட்டது. ஸ்டூல் அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தது. மத்தியானம் வரை தலை நிமிரவில்லை. முடித்து ஓட விட்டபோது அது துளிகூட இரையவில்லை.

அதன் பிறகு லீவு நாளெல்லாம் அங்கேதான். பிறகு லிஃப்ட் கம்பெனியை விட்டே விட்டாள். மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பார். ஊரிலிருந்து வர வேண்டிய சொந்தக்காரரை விசாரிக்கிற மாதிரி:

"அவ வந்தாளா?"

"இன்னும் இல்ல."

அப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் ஒரு பெண்மணி, பல் டாக்டர், தன் கம்ப்யூட்டரைத் தூசி தட்டுவதற்காகக் கொண்டுவந்தார். தகட்டைக் கழற்றினால் உள்ளே மெழுகு நூல், சிவப்புக் கோடு. நொட்டாங்கை மாட்டாதது. இப்படி வருகிறவற்றை அவள் ஒன்றும் கேட்காமல் துடைத்துக் கொடுத்துவிடுவாள்.

டாக்டரம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போ தெளிவா இருக்கீங்க. அன்னைக்கு இதை வாங்க வந்தப்போ ரொம்ப வாடிப்போயிருந்தீங்க."

"அப்படியா?"

"நான்கூடக் கேட்டேனே, வீட்ல யாரும் தேட மாட்டாங்களான்னு. 'நான் இல்லாதது அங்க யாருக்கும் தெரியாது, அங்க ஒருத்தி இருக்கா'ன்னீங்க. மனசுக்கு ஒரு மாதிரியா ஆயிடுச்சு எனக்கு. அப்புறம் தேடிட்டு வந்தாங்களா?"

நொட்டாங்கையின் கையிலிருந்த துணி நின்றது. நான் இல்லை, அது வேறு ஒருத்தி என்று இதுவரை எத்தனையோ பேரிடம் சொல்லியாகிவிட்டது. இந்த முறை அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. அந்த மேஜையில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து, யாரும் கூப்பிடாமலே மாட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். தேடி வர ஆளில்லை என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள்.

"வந்தாங்க" என்றாள். "நானே வந்துட்டேன்."

டாக்டரம்மாவுக்கு அது பாதிதான் புரிந்திருக்கும். இருந்தாலும் நல்லதும்மா என்று சொல்லி அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது மாஸ்டர் திரைக்கு முன்னால் இருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"அவ வந்தாளா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். வழக்கமான பதில்தான் தொண்டை வரை வந்தது.

"வந்துட்டா" என்றாள்.

கேம் நின்றது. மாஸ்டர் நாற்காலியை மெதுவாகத் திருப்பினார். வாசலில் நின்றவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளை 'நீ' என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டறியாதவர், மரியாதையாக எழுந்து நின்றுகொண்டு கேட்டார்:

"சாப்ட்டீங்களா?"