நடுவில் நிற்பவள்

அடையாறு ஆபீசில் காப்பி மட்டும் நன்றாக இருந்தது. அதைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கம்பெனி மேனேஜர் வெங்கடேஷ் ரூபீனாவிடம் விஷயத்தை எடுத்தான். நல்ல பழக்கம்தான். கறிக்கடையில்கூட ஆட்டுக்குக் கடைசியாக ஒரு வாய் தழை காட்டுவார்கள்.

"மேடம், இனிமே உங்களை மாதிரி நடுவுல பார்ட்னரே கிடையாது. கடைக்காரங்க நேரா நம்ம ஆப்ல வாங்கிப்பாங்க. காலைலயே எல்லா பார்ட்னர் லாகினும் க்ளோஸ் பண்ணியாச்சு. இதுல நீங்க ஒரு கையெழுத்து போட்டுட்டா போதும்."

கையெழுத்து எதற்கு என்று ரூபீனா நிதானமாகப் படித்தாள். தன் கடைக்காரர்களுக்கு மூன்று வருஷம் வேறு எந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரையும் விற்க மாட்டேன் என்று அவளே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கழுத்தை அறுக்கிறவன் கத்தியையும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறான்.

ரூபீனா சிந்தாதிரிப்பேட்டையில் வண்டி சீட் வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவள். பேரம் பேசாமல் ஒரு பொருள் வாங்கினால் அன்றைக்குச் சோறு செரிக்காத வம்சம். 'பைசல்' என்ற பில் போடும் சாஃப்ட்வேரை அந்தக் கம்பெனி செய்யும், தி.நகர் கடைகளுக்கு அவள் விற்பாள். விற்றதில் அவளுக்கு ஒரு பங்கு. பதினோரு வருஷமாக இதுதான் ஏற்பாடு. ரங்கநாதன் தெருவில் எந்தக் கடை பிரிண்டர் இருமினாலும் போன் அவளுக்குத்தான் வரும். கம்பெனி பெயர் பாதிக் கடைக்காரர்களுக்குத் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அது 'ரூபீனா வச்ச டப்பா'.

"நைனா, ஒண்ணு கேக்குறேன். என்னை முதல்ல எதுக்குச் சேர்த்தீங்க?"

"அப்போ நம்ம பேரு யாருக்கும் தெரியாது மேடம். இப்போ ப்ராடக்ட் தன்னைத் தானே வித்துக்கும்."

"அதுவா நடந்து போயி விக்குமா? ரங்கநாதன் தெருவுல அதுக்கு நடக்க எடம் கீதா?"

வெங்கடேஷ் மயிலாப்பூர்ப் பையன். மரியாதை தெரிந்தவன். சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்புதான் ரூபீனாவைக் கிளப்பிவிட்டது.

"சரி, பந்தயம். இன்னிக்கு சாயங்காலம் சுந்தரவல்லி அக்கா கடைக்கு வருஷச் சந்தா முடியுது. நீயே போயி வாங்கிக்கினு வா. நான் பக்கத்துல நிப்பேன், வாயத் தொறக்க மாட்டேன். அவங்க உன் கைல கட்டிட்டா, நீ காட்டுற எடத்துல கையெழுத்து. கட்டலைன்னா இந்தக் காகிதத்துல நீ பஜ்ஜி மடிச்சித் தின்னலாம்."

"டீல்" என்றான் வெங்கடேஷ். எதிராளி இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்தால் விலையில் ஏதோ கோளாறு என்று அவள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அன்றைக்கு ஆடி வெள்ளி.

சுந்தரவல்லி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து உஸ்மான் சாலையை ஒட்டிய சந்தில் மேட்சிங் பிளவுஸ் கடை போட்டவள். பச்சையிலேயே முப்பது பச்சை வைத்திருப்பாள். ஆடித் தள்ளுபடிக்கு வந்த பெண்கள் புடவை முந்தானையையும் துணியையும் வாசல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்து, 'இது கொஞ்சம் தூக்கலா இருக்கே' என்று தங்களுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். கல்லாவுக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாம்பிராணிப் புகையில் வெங்கடேஷ் இரண்டு முறை தும்மிவிட்டுப் போனை நீட்டினான்.

"அம்மா, பைசல்லேருந்து வர்றோம். ரின்யூவல். இந்த க்யூஆரை ஒரு ஸ்கேன் பண்ணிட்டீங்கன்னா முடிஞ்சுது."

"வெளக்கு வச்சாச்சுல்லா தம்பி. நாளைக்கு வாங்க."

"ஆறு மணியோட முடியுதும்மா. ஒரு செகண்ட்தான்."

"ஆடி வெள்ளியும் அதுவுமா, வெளக்கு வச்ச பொறவு எங்க கடையில இருந்து காசு வெளிய போவாது. எதுத்தாப்புல டீக்கடைக்காரனே நாளைக்குத்தான் வாங்குதான்."

"இது காசே இல்லம்மா. டிஜிட்டல்."

சுந்தரவல்லி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "போன் வழியா வந்தாலும் உள்ள வாரது லெச்சுமிதான? அதே வழியா வெளிய போனா மட்டும் வேற ஆளா?"

அவனுடைய பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வி வரவில்லை போலிருக்கிறது. "இத்தனை வருஷம் கரெக்டா கட்டியிருக்கீங்களே?" என்று இழுத்தான்.

"நான் எங்க கட்டுனேன்? ரூபீனா கட்டிருவா. நாள் பாத்து வருவா, குடுத்துருவேன்."

ரூபீனா வாய் திறக்கவில்லை. பந்தயம் பந்தயம்தான். கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனசுக்குள் மட்டும் பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பில் போடும் அன்புக்கரசி கத்தினாள். "அக்கா! பூட்டிக்கிச்சு!"

திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு பூட்டுப் படம். ரூபீனாவுக்கே திக்கென்றது. சந்தா முடிந்தால் பூட்டு விழும் என்று கேள்விப்பட்டிருக்கிறாளே ஒழிய, ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. விழ அவள் விட்டால்தானே. வெங்கடேஷை மாட்டிவிடத்தான் வந்தாள். மாட்டிக்கொண்டது அக்கா கடை. துணியில் விலை எழுதவில்லை, கோடுகள் மட்டும்தான். தள்ளுபடிக் கணக்கெல்லாம் பெட்டிக்குள்ளே. வரிசையில் நின்ற ஒரு அம்மாள், "இன்னாம்மா, துணியத் தருவீங்களா, போட்டா எடுத்துக்கினு போவச் சொல்வீங்களா?" என்றாள்.

வெங்கடேஷ் அடையாறுக்குப் போன் போட்டான். நாலே வாக்கியத்தில் ஆபீஸ் தமிழ் கழன்று ஆத்துத் தமிழ் வந்துவிட்டது. "ஒரு நாள் டயம் குடுக்கற ஆப்ஷனையே எடுத்துட்டேளா? யாரைக் கேட்டுண்டு எடுத்தேள்? இங்க ஜனங்க கூடிண்டே போறா..." போனை வைத்தவன் முகத்தில் சாம்பிராணி இல்லாமலே புகை.

பந்தயம் முடிந்தது. ரூபீனா வாயைத் திறந்தாள்.

"நைனா, உன் கைக்காசைப் போட்டுக் கட்டு. அக்கா நாளைக்குத் தருவாங்க."

"நானா? அவங்க நாளைக்குத் தரலைன்னா?"

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

"ஆங்! அந்த 'தரலைன்னா' கீது பாரு, அத்த பதினோரு வருஷமா நான்தான் தூக்கிக்கினு திரியறேன். இந்த அக்கா வெள்ளிக்கெழம தராது. அடுத்த கடை மார்வாடி போணி ஆவாம தர மாட்டாரு. எதுத்த கடை பாய் ஊருல இல்லைன்னா அவரு மச்சான் தர மாட்டாரு. இத்தெல்லாம் உன் ஆப்புக்குத் தெரியுமா? தெரிஞ்சாலும் அது கைக்காசு போடுமா? அதுக்குத்தான் எனக்குப் பங்கு. சும்மா நடுவுல நின்னு தின்னுக்கினு இருந்தேன்னு நெனச்சியா?"

வெங்கடேஷ் குரலைத் தாழ்த்தினான். "உங்க லாகினைத் திறந்து விடறேன். கட்டிடறேளா?"

"என்னை மட்டுமா? எல்லாரையும் திற. மத்த பார்ட்னருங்க, கோடம்பாக்கம் தேவானை, பாலவாக்கம் வாஜித், ஒருத்தர் விடாம."

"மேடம், அது என் கையில இல்ல..."

"மூடுனது யாரு கை?"

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு மறுபடி எடுத்தான்.

"அப்ப நான் போயி வேற கம்பெனி டப்பாவைத் தூக்கிக்கினு வரேன். கைல மூணு ஏஜென்சி வச்சிக்கினு கீறேன். நாளைக்குக் காலைல இந்தத் தெரு பூரா அதுதான் ஓடும். கையெழுத்துதான் போடலியே."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கண் வரிசையின் மேல்தான் இருந்தது. ஆடி வெள்ளிக் கூட்டம். ஒரு ஆள் கலைந்து போனாலும் அக்காவுக்கு நஷ்டம். விட்டுக்கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சுந்தரவல்லியைப் பார்த்தாள்.

சுந்தரவல்லி வியாபாரி. அடுத்தவர் பேரத்துக்கு நடுவே வாய் கொடுப்பது அவள் ஊரில் பந்தியில் இருப்பவரை எழுப்பிவிடுவது மாதிரி. கல்லாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, "ஏ அன்பு, எல்லாருக்கும் மோர் ஊத்து" என்றாள். ரூபீனாவிடம், "நீ பேசு தாயி. அவசரமே இல்ல" என்றாள்.

மோர் வந்ததும் வரிசை சாந்தமானது. ஒருத்தி வேடிக்கை பார்க்க வசதியாகச் சுவரோரம் நகர்ந்து நின்றாள். இன்னொருத்தி, "எல்லாரையும் தொறந்து வுடுப்பா, நேரமாவுது" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

வெங்கடேஷ் நெற்றியைத் துடைத்தான். போனில் கட்டைவிரலை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். ரூபீனா தன் போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். லாகின் திறந்தது. அவள் அதைத் தொடவில்லை. வாஜித்திடமிருந்து, 'அக்கா, நமக்கு உசுரு வந்துடுச்சு' என்று செய்தி வந்த பிறகுதான் பணத்தைக் கட்டினாள். சிவப்பு போய், பிரிண்டர் இருமிவிட்டு முதல் பில்லைத் துப்பியது.

"இதை வெச்சுண்டு மேலிடத்துல நான் என்ன பதில் சொல்றது?" என்றான் அவன்.

"அவங்களை ஒரு வெள்ளிக்கெழம இங்க கூட்டிக்கினு வா. மோர் குடுக்கலாம்."

கிளம்பப் போனவனைச் சுந்தரவல்லி நிறுத்தினாள். "ஆடி வெள்ளியில கடைக்கு வந்துட்டு வெறுங்கையா போவக் கூடாது தம்பி. அம்மாவுக்கு ஒரு பிளவுஸ் துணி எடுத்துட்டுப் போங்க."

அவன் மாம்பழ மஞ்சளில் ஒன்றை எடுத்து, பில்லைப் பார்த்ததும் போனை எடுத்தான்.

"இன்னா நைனா, போட்ட வெலைய அப்டியே கட்டுற? கேளு!" என்றாள் ரூபீனா.

"கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதாம்மா?" என்று வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டான்.

"ரூபீனா கூட்டியாந்த ஆளுன்னா கொறச்சிருப்பேன்" என்றாள் சுந்தரவல்லி, துணியை மடித்துப் பையில் போட்டபடி. "நீங்க நேரா வந்தவுகல்லா?"