சீசனின் சிறந்த கோல்கீப்பர்

எட்டு அணிகள், ஐம்பத்தாறு ஆட்டங்கள், கடைசியில் ஒரு ஃபைனல். அதில் இருபத்திரண்டு ஆட்டங்களுக்கு விசில் ஊதியவள் ஜோஸ்பின். பாகூர் பக்கத்து அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. தென்கொம்யூன் கால்பந்து லீக்கில் பெண் ரெஃப்ரி அவள் ஒருத்திதான். சீசன் முடிந்ததும் சிறந்த பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்கும் மூவர் குழுவில் இந்த வருஷம் அவளையும் சேர்த்திருந்தார்கள். அந்தப் பதினோரு பேர் படமும் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸாக நிற்கும். ஆளுக்கொரு நீல நிற ஜெர்சி, மேடையில் மாலை. அதற்காகவே வருஷம் முழுக்க ஆடுகிற பையன்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை. லீக் செயலாளர் நாகராஜனின் ஹார்டுவேர் கடை மாடியில் மூவரும் உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஆள் முத்துசாமி, ஒரு காலத்தில் நல்ல ஃபார்வர்டு, இப்போது முழங்கால் வலிக்காரர். ஃபார்வர்டு, மிட்ஃபீல்டு, டிஃபென்ஸ் என்று பத்துப் பேரை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். சண்டையே வரவில்லை. புதுவிடியல் கிளப்பின் ஸ்டாப்பர் பிரிட்டோ பெயரை நாகராஜனே சொன்னார்.

"கோல்கீப்பர், அருள்முருகன்" என்றாள் ஜோஸ்பின். இதில் பேச என்ன இருக்கிறது என்ற நினைப்பில் பேனாவை மூடப் போனாள். அவனும் புதுவிடியல்தான், காலனிப் பையன். பதிமூன்று ஆட்டத்தில் ஆறே கோல் விட்டிருந்தான்.

"எழிலரசன்னு எழுதுங்கம்மா" என்றார் நாகராஜன்.

"எழிலரசன் பத்தொம்பது கோல் வுட்டிருக்கான் சார்."

"ரெட் கார்டு வாங்குனவன் லிஸ்ட்ல வரக் கூடாது. ரூல் இருக்குது. பார்வையாளர் மேல பந்த ஒதச்சு மூக்க ஒடச்சவன ஃப்ளெக்ஸ்ல போட்டா நாளைக்கு நாலு பேர் கேப்பாங்க."

"ஏன் ஒதச்சான்னு உங்களுக்குத் தெரியாதா?"

நாகராஜன் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, தாளைத் திருப்பி, அவள் பக்கம் நகர்த்தினார். "இது உங்க ரிப்போர்ட்டு. உங்க கையெழுத்து. ஏன்னு இதுல எதுவும் இல்லியேம்மா."

காரணம் என்ற கட்டத்தில் நாலு வரிக்கு இடம் இருந்தது. அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். 'எழுபதாவது நிமிடத்தில் கோல்கீப்பர் வேண்டுமென்றே பார்வையாளர் மீது பந்தை உதைத்தார்.'

அவளுக்கு முகம் எரிந்தது.

அன்றைக்கு ஆட்டம் எழிலரசனின் இளந்தென்றல் கிளப்போடு, அவர்கள் ஊர் மைதானத்தில். இரண்டாவது பாதி தொடங்கியதிலிருந்தே கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றுகொண்டு அருள்முருகனை அவன் சாதிப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவன் திரும்பவே இல்லை. ஒரு கார்னர் பந்தைப் பாய்ந்து பிடித்து எழுந்தபோது ஒருவன் சொன்னான்: "உங்காத்தா ஆஸ்பத்திரில கக்கூசு கழுவுற கையிதானடா அது, பந்து நாறுது பாரு." பத்தடி தூரத்தில் நின்ற ஜோஸ்பினுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அடுத்த நொடி அருள்முருகன் பந்தைக் கீழே வைத்து உதைத்தான்.

ரெட் கார்டு கொடுத்ததில் தவறில்லை. ஆட்டம் முடிந்து ரிப்போர்ட் எழுதும்போது நாகராஜன் வந்து பக்கத்தில் நின்றார். "கூட்டம் பேசுனதெல்லாம் எழுதுனா ஆட்டமே ரத்தாயிடும், விசாரணை அது இதுன்னு சீசன் இழுக்கும். ஃபைனலுக்கு உங்களத்தான் போடப் போறோம். பாத்து எழுதுங்க." அவள் பார்த்துத்தான் எழுதினாள். ஃபைனலுக்கு விசில் ஊதினாள். பேப்பரில் படம் வந்தது.

"இப்ப எழுதித் தரேன்" என்றாள். "நடந்தது பூரா."

"மூணு மாசம் கழிச்சா? அப்ப இன்னா, பொய்யா எழுதுனீங்களா?"

முத்துசாமி தொண்டையைச் செருமினார். "பெத்தவளச் சொன்னா எவனுக்கும் கோவம் வரும்தான். ஆனா ஒதச்சது ஒதச்சதுதானம்மா. வுட்டுடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"உங்கள அப்பிடிச் சொல்லியிருந்தா அடுத்த வருஷம் பாத்திருப்பீங்களாண்ணே?"

முத்துசாமி அவளிடமிருந்து பேனாவை வாங்கி எழிலரசன் பெயரை எழுதி, அதற்கு எதிரே கையெழுத்துப் போட்டார். நாகராஜனும் போட்டார். ஜோஸ்பின் போடாமல் எழுந்தாள். "மூணுல ரெண்டு போதும்" என்று நாகராஜன் சொன்னது படியிறங்கும்போது கேட்டது. அவர்கள் மேல் வந்த கோபம் பாதிதான். மீதியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போகாமல் காலனிக்கு வண்டியை விட்டாள். அருள்முருகன் டைல்ஸ் கடைக்கு ஓட்டும் குட்டி யானை வேனை வாசலில் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது, நல்ல உயரம். அவளைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு, "வாங்க மேடம்" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

அவள் உட்காரவில்லை. லிஸ்ட்டில் அவன் பெயர் இல்லை என்பதையும் ஏன் என்பதையும் சொன்னாள்.

"தெரிஞ்சதுதான" என்றான். "ரெட் கார்டு வாங்கிட்டேன். உங்க மேல தப்பில்ல மேடம். உங்களுக்குக் கேட்டிருக்காது."

ஜோஸ்பின் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவன் கையிலிருந்த துணியை வண்டியின் மேல் எறிந்தான். குரல் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "இத்தினி நாளா காத்து அடிச்சுது, சத்தத்துல அவங்களுக்குக் கேக்கலன்னு எங்க டீம் பசங்ககிட்ட நான்தான் சொல்லிட்டு இருந்தேன். உங்களத் திட்டுனவன்கிட்ட சண்டைக்கே போனேன். கேட்டுட்டு, அவனுங்கள வுட்டுட்டு எனக்குக் கார்டு எடுத்தீங்களா?"

"கார்டு குடுத்தது ரூல்தான். எழுதாம வுட்டதுதான் என் தப்பு அருள்."

"எதுக்கு வுட்டீங்க?"

"ஃபைனலுக்காக."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பமான சொல் என்று அவளுக்கே உறைத்தது.

"அவனுங்க வாயி எனக்குப் புதுசில்ல மேடம்" என்றான். "நீங்க பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு இன்னா சொல்லித் தருவீங்கன்னுதான் தெரியல. போங்க. எங்கம்மா டூட்டி முடிச்சு வர்ற நேரம். அவங்க முன்னாடி இதப் பேசாதீங்க."

அன்று மத்தியானமே இரண்டு பக்கத்துக்கு எழுதினாள். யார் எங்கே நின்றார்கள், என்ன சொன்னார்கள், நாகராஜன் என்ன சொன்னார், தான் ஏன் எழுதவில்லை, ஒன்றையும் விடவில்லை. மறுநாள் மாநிலச் சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். நகலை நாகராஜன் கடைக்குக் கொண்டுபோய், ஆணி நிறுத்துக்கொண்டிருந்த தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க தலையிலேயே மண்ண வாரிப் போட்டுக்கிறீங்க" என்றார்.

"உங்க தலையிலயும் கொஞ்சம் வுழும் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சங்கத்திலிருந்து பதில் வரும் முன்பே விழா நடந்தது. ஃப்ளெக்ஸில் எழிலரசன் கிளவுஸ் மாட்டி நின்றான். பிரிட்டோ போக மாட்டான் என்று காலனியில் பேச்சு. ஆனால் அவன் அப்பாவும் அம்மாவும் புதுத்துணி உடுத்திக் காத்திருந்ததால் போனான். ஜெர்சியை வாங்கினான், குழுப் படத்துக்கு நிற்காமல் இறங்கிவிட்டான்.

ஒரு மாதம் கழித்து சங்கத்திலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். எதிரே நாகராஜன், இளந்தென்றல் ஆட்கள் இருவர், அருள்முருகன், ஜோஸ்பின். தலைவர் அருள்முருகனைப் பார்த்து, "அப்படி என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்தான்.

ஜோஸ்பின் எழுந்தாள். "நான் சொல்றேன்."

சொன்னாள். சாதிப் பெயரை மழுப்பவில்லை, தாயைப் பற்றிச் சொன்னதை நாகரிகப்படுத்தவில்லை. மைதானத்தில் எப்படி விழுந்ததோ அப்படியே அந்த ஏ.சி. அறையில் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"இத அப்படியே பதிவு பண்ணணுமா?" என்றார் தலைவர்.

"பண்ணணும் சார். சொல்லும்போது கூசாதவங்க முன்னாடி எழுதுறதுக்கு நாம ஏன் கூசணும்?"

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. இளந்தென்றலுக்கு அடுத்த சீசனில் மூன்று ஆட்டம் பார்வையாளர் இல்லாமல். நாகராஜனுக்குக் கண்டிப்புக் கடிதம். உண்மையை மறைத்த ரெஃப்ரிக்கு ஒரு வருடத் தடை. அறிவித்த பதினொருவர் பட்டியலை மாற்ற வழியில்லை என்று கடைசி வரியில் இருந்தது.

தன் தடையை எதிர்த்து அவள் எதுவும் எழுதவில்லை. அந்தக் கடைசி வரியை எதிர்த்து மட்டும் இரண்டு கடிதம் போட்டாள். இரண்டுக்கும் பதில் வரவில்லை. மூன்றாவதை எழுதி முடித்த அன்று அருள்முருகன் கடலூர் அணி ஒன்றில் சேர்ந்துவிட்டதாக பிரிட்டோ போனில் சொன்னான். மூன்றாவதையும் போட்டாள்.