நாலு நிமிடக் கேரட்

கேரட்டைக் கெட்டிலில் போட்டால் சரியாக நாலு நிமிடம். மூன்றில் எடுத்தால் கூட்டத்துக்கு முன்னால் மானம் போகும். ஐந்தில் எடுத்தால் கேரட் குழைந்து குட்டு உடைந்துவிடும். நாலில் எடுத்து, ஐஸ் தண்ணீரில் முக்கி, ஈரத் துணியால் துடைத்து வைத்தால், அன்று காலையில்தான் மண்ணிலிருந்து பிடுங்கியது போலப் பளபளவென்று படுத்திருக்கும். உள்ளே முதுகெலும்பு மட்டும் இருக்காது.

இந்த வித்தையை வெண்ணெய்க்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடையின் சரக்கறையில், காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, டீ போடுவதற்கென்று வைத்திருந்த கெட்டிலில் அவனாகவே கண்டுபிடித்தான். அதன் பிறகு அந்தத் தளத்தில் யார் டீ குடித்தாலும் லேசாகக் கேரட் வாசனை அடித்தது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

பெரிய கடை அது. இரண்டாம் மாடியில், நகரும் படிக்கட்டு முடிகிற இடத்தில், சமையலறைச் சாமான்கள். அங்கே அவனுக்கு ஒரு மேசை, சட்டையில் குத்திய ஒரு மைக், சிவப்பு நிறத்தில் ஓர் ஏப்ரன். "அழுத்துங்க, அவ்வளவுதான்! வெண்ணெய் மாதிரி இறங்கும்!" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வெண்ணெய் என்ற பட்டம் அவனுக்கே ஒட்டிக்கொண்டது. அதில் பாராட்டு கால் பங்கு. மீதி முக்கால் என்னவென்று அவன் விசாரித்ததில்லை.

அவன் விற்றது 'வெட்டு வேந்தன்'. ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதன் வாயில் கட்டம் கட்டமாகக் கத்திகள். காயை மேலே வைத்து மூடியை ஓர் அழுத்து அழுத்தினால், துண்டுகள் உள்ளே உதிர வேண்டும். வெங்காயம் உதிரும். வெள்ளரிக்காய் உதிரும். கேரட்டைக் கண்டால் மட்டும் வேந்தனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதனால்தான் கெட்டில். இதனால் யாரும் சாகப் போவதில்லை என்பது வெண்ணெயின் கொள்கை. கொள்கை என்று அவனிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அவன் குடியிருந்தது அக்கா வீட்டில். அக்கா, தெருமுனைத் தையல் கூடத்தில் வேலை பார்க்கும் பதினான்கு பேருக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறவள். அவள் சமையலறையில் மூன்று இழுப்பறைகள். நடு இழுப்பறை திறக்காது. முட்டையை வட்டம் போடுவது, பூண்டை நசுக்குவது, ஆப்பிளின் நடுவைத் தோண்டுவது என்று தம்பி கடையிலிருந்து கொண்டுவந்து குவித்ததெல்லாம் அதற்குள். உருளைக்கிழங்கு மசிக்கிற ஒன்று உள்ளே நிமிர்ந்து நின்று தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டது. யாராவது இழுத்துப் பார்த்தால், "உள்ள ஆள் இருக்கு" என்பார் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர்.

அக்காவுக்கு வேண்டியது ஒரே கத்தி. பிடி உடைந்து கறுப்பு டேப் சுற்றியது. தீட்டித் தீட்டி ஒல்லியாகி, பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும். வெட்டுப்படுகிற காய்க்கு அப்படித் தோன்றியிருக்காது.

ஒரு சனிக்கிழமை அக்கா சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்து, தூணுக்குப் பின்னால் நின்று தம்பியின் வித்தையைப் பார்த்தாள். அவன் ஒரே விரலால் அழுத்த, கேரட் பொலபொலவென்று உதிர்ந்தது. முதல் ஆளாகக் கைதட்டியவள் அவள்தான். வரிசையில் நின்று ஒரு வேந்தனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போன கையோடு பழைய கத்தியைக் கீழ் வீட்டு டீச்சருக்குக் கொடுத்துவிட்டாள். "இனிமே எனக்கு இது எதுக்கு டீச்சர்? என் தம்பி மிஷின் இருக்கு."

இரண்டு வாரம் கழித்துச் சாப்பாட்டு மேசையில் அக்கா வலது கையை உதறிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"கையில பலமே இல்லடா. நீ ஒத்த விரல்ல அழுத்துற. நான் ரெண்டு கையையும் வெச்சு, மேல ஏறி உக்காராத குறை. கேரட்டு அசைய மாட்டேங்குது."

"முத்தின கேரட்டா இருக்கும்."

"நாலு கடையில மாத்தி மாத்தி வாங்கிட்டேன். கேரட்டு மேல பழியப் போடாத."

"மிஷின் சரியில்லையோ என்னவோ" என்றார் மாமா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அவன் கையில நல்லாத்தானே ஓடுது! நானே கண்ணால பாத்தேன். ஊரே வாங்கிட்டுப் போகுது. எனக்குத்தான் ஏதோ வந்திருக்கு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வெண்ணெய் வாயைத் திறக்கத்தான் செய்தான். வாயில் சோறு இருந்தது. மென்று விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு தண்ணீர்க் குழாய்க்குப் போய்விட்டது. வாழ்நாளில் அவன் அவ்வளவு மெதுவாக எதையும் மென்றதில்லை.

அக்கா டாக்டரிடம் போனாள். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு ரப்பர் பந்தை வாங்கி தினமும் நூறு தடவை அமுக்கச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அந்தப் பந்து மூச்சு விடுவது கேட்டது. புஸ். புஸ். வெண்ணெய்க்கு அது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல் இருந்தது.

உண்மையைச் சொல்லாமலே பாவத்தைக் கழுவ அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். வியாழக்கிழமை கடை மூடும் நேரத்தில் கெட்டிலில் பத்து கேரட்டை நாலு நிமிடம் போட்டு, பையில் எடுத்துவந்து, வெள்ளிக்கிழமை காலையில் அக்கா குளிக்கிற நேரம் பார்த்து ஃப்ரிட்ஜில் மாற்றி வைத்தான். அரைமணி நேரத்தில் சமையலறையிலிருந்து கூச்சல்.

"டேய்! இறங்குதுடா! பாருடா, ஒரே அழுத்து! பந்து வேலை செய்யுது!"

அவள் முகத்தைப் பார்த்து அவனுக்கு அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது. சனிக்கிழமை அவள் காய்கறிக் கடையில் புதிதாகக் கேரட் வாங்கினாள். மூடி பாதியில் நின்றது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் வருது, மறுநாள் போயிடுது" என்று அவள் சொன்னதைக் கேட்டதும் டாக்டரின் புருவம் ஏறிவிட்டது. அப்படி வந்து வந்து போவதுதான் யோசிக்க வேண்டியது என்றார். நரம்புப் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தார். அக்கா நேரே தையல் கூடத்துக்குப் போய், அடுத்த மாதத்திலிருந்து சாப்பாட்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள். பதினோரு வருடச் சமையலை இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டாள். அதைச் சொல்லும்போதும் கையில் பந்து இருந்தது.

வெண்ணெய் மூன்று தடவை சொல்ல முயன்றான். ஒரு தடவை மாமா இருந்தார். ஒரு தடவை குக்கர் விசில் அடித்தது. மூன்றாம் தடவை யாருமில்லை, எந்தச் சத்தமும் இல்லை. "அக்கா, உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மேசையைச் சுற்றி முப்பது பேர். அவன் மைக்கில் பேச வாயெடுக்கும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். கையில் துணிப்பை.

"தப்பா நினைக்காதீங்க, இவன் என் தம்பி" என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து மேசையில் வைத்தாள். மண் வாசனை போகாத, கட்டை போன்ற கேரட். "திங்கக்கிழமை டெஸ்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கறேன்டா. நீ எப்படிப் பிடிக்கிற, எங்க அழுத்துறன்னு மெதுவாக் காட்டு. ஒருவேளை நான்தான் தப்பா அழுத்துறேனோ என்னவோ."

கூட்டத்துக்குப் பின்னால் மேலாளர் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார். சொந்த அக்காவையே கூட்டிவந்து விளம்பரம் செய்கிறான் பையன் என்று அவருக்கு நினைப்பு.

வெண்ணெயின் கை, பழக்கத்தில், தானாகவே வேலை செய்தது. அக்காவின் கேரட் ஏப்ரனுக்குப் பின்னால் போயிற்று; நாலு நிமிடக் கேரட் மேசைக்கு வந்தது. ஒரு விரல். பொலபொல. கூட்டம் கைதட்டியது.

அக்கா கைதட்டவில்லை. பெட்டிக்குள் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள், எதிர்பார்த்த முடிவைத் தாளில் படித்தவளைப் போல.

"சரிடா. அப்போ என் கைதான்" என்றாள். துணிப்பையை மடிக்கத் தொடங்கினாள். மடிக்கக்கூட இடது கையைத்தான் நீட்டினாள்.

"அக்கா, இரு."

மைக் அணைக்காததால் அது இரண்டாம் மாடி முழுக்கக் கேட்டது. ஏப்ரனுக்குப் பின்னாலிருந்து அவளுடைய கேரட்டை எடுத்துக் கத்திகளின் மேல் வைத்தான். அழுத்தினான். அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினான். முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். நுனிக்காலில் எழும்பி, மொத்த உடம்பையும் மூடியின் மேல் போட்டான். டக்கென்று சத்தம் கேட்டது. மூடி இரண்டாகப் பிளந்து ஒரு பாதி நகரும் படிக்கட்டில் ஏறிக் கீழே இறங்கிப் போயிற்று. கேரட் முழுசாக இருந்தது.

"நான் வெட்டுறது வெந்த கேரட்டு, அக்கா" என்றான். "கெட்டில்ல போட்டு எடுக்கறது. நாலு நிமிஷம்."

"அதான் டீ அப்படி நாறுதா?" என்றது பாத்திரப் பகுதியிலிருந்து ஒரு குரல்.

மேலாளரின் கட்டைவிரல்கள் இன்னும் இறங்கவில்லை, இறக்க மறந்துவிட்டார்.

திட்டுவாள் என்று வெண்ணெய் தலையைக் குனிந்துகொண்டான். அவளோ வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களை விரித்து மடக்கிப் பார்த்தாள்.

"அப்போ என் கை நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டாள். முன்னால் நின்ற யாரோ ஒரு அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கி, "என் கை நல்லாத்தான் இருக்குங்க!" என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக அவள் நாலு அறை விட்டிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

பிறகு சிரிப்பு நின்றது. எதையோ கணக்குப் போட்டாள்.

"அந்த வெள்ளிக்கிழமை ஃப்ரிட்ஜுல இருந்த கேரட்டு?"

"நான் வெச்சதுதான்."

அக்கா பையிலிருந்து ரப்பர் பந்தை எடுத்து, மேசையில் அவன் முன்னால் வைத்துவிட்டு, படிக்கட்டில் இறங்கிப் போனாள். மேலாளர் அவன் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றினார். ஏப்ரனை அவனே அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா தையல் கூடத்துக்குப் போன் பேசி முடித்திருந்தாள். பதினான்கு பேருக்கும் பழையபடி இவளேதான். அவன் பக்கம் திரும்பாமல், மாமாவைப் பார்த்துச் சொன்னாள்: "கீழ போய் டீச்சர்கிட்ட என் கத்தியத் திருப்பி வாங்கிட்டு வரச் சொல்லுங்க அவனை. வாங்காம மேல வர வேண்டாம்."

"காதுல விழுந்துச்சா, இல்ல நான் ஒரு தடவை சொல்லணுமா?" என்றார் மாமா.

வெண்ணெய் படியிறங்கிக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினான். கதவு திறக்கும் முன்பே தைல வாசனை வந்தது. டீச்சர் வலது மணிக்கட்டில் அகலமான பட்டை கட்டியிருந்தார்.

"வா தம்பி! உன்னப் பத்திதான் நினைச்சிட்டே இருந்தேன். உங்க அக்கா சொன்னாளேன்னு நானும் அந்த மிஷின் ஒண்ணு வாங்கினேன். என்னால அழுத்தவே முடியல. வயசாயிடுச்சு, கையில பலம் போயிடுச்சு. நல்லவேளை, உங்க அக்கா கத்தி இருக்கு, அதுலதான் பொழப்பு ஓடுது. என்ன விஷயம்?"

வெண்ணெய் வாசலிலேயே நின்றான். இத்தனை சனிக்கிழமைகளில் பெட்டியோடு படிக்கட்டில் இறங்கிப் போன முதுகுகள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. பைக்குள் பந்து உருண்டது.

"டீச்சர்" என்றான், "உங்க வீட்டுல பச்சைக் கேரட் இருக்கா?"