கேட்டதும் பார்த்ததும்

கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவளை, செல்போன் குழுவிலிருந்த நூற்றிருபது பெண்களும் மேப் லாத்தா, அதாவது மேப் அக்கா, என்றுதான் கூப்பிட்டார்கள். புர்காவோடு ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்ட பெண்களின் குழு அது. எந்த விடுதியில் உள்தாழ்ப்பாள் ஒழுங்காக விழும், எங்கே தொழுமுன் கைகால் முகம் கழுவி ஒளூ செய்யத் தண்ணீர் உண்டு, எங்கே முக்காட்டைப் பார்த்ததும் 'ரூம் இல்லை' என்று கைவிரிப்பார்கள், எல்லாவற்றையும் போன் மேப்பில் புள்ளி புள்ளியாகக் குறித்து வைத்தவள் அவள்தான். சாப்பாட்டு இடைவேளையில் விடுதி விடுதியாகப் போன் போடுவாள். கண்ணில் சொட்டு மருந்தோடு பொறுமையிழந்து நிற்கிற கூட்டத்தையே அடக்கி உட்காரவைக்கிற குரல். அதனிடம் பொய் சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஒவ்வொரு புள்ளியின் கீழும் ஒரு சொல் இருக்கும். போய்வந்தவள் குறித்தால் 'பார்த்தது'. விசாரித்துக் குறித்தால் 'கேட்டது'. அவள் குறித்த அறுபத்துநான்கும் 'கேட்டது'தான். அதை ஒருத்தியும் கவனிக்கவில்லை. நாற்பத்தாறு வயதாகியும் அவள் கடலைக்கூடப் பார்த்ததில்லை என்று சொன்னால் நம்பியிருக்கவும் மாட்டார்கள்.

இந்த முறை ஐந்து பேர் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். "நீங்க வராம நாங்க போறதா இல்ல லாத்தா" என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அவளுக்கும் ஆசை நெஞ்சை முட்டியது. கணவர் மௌத்தான பிறகு அவள் இருப்பது அண்ணன் வீட்டில். அவரிடம் கேட்டாள்.

"ஆம்பளத் துணை இல்லாம அவ்வளவு தூரமா? வேணாம்."

"எல்லாம் விசாரிச்சு மேப்புல வச்சிருக்கேண்ணே."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா."

"இந்தச் சுரைக்காயில நூறு பேரு கறி வச்சுச் சாப்பிட்டாச்சு. நான்தான் பட்டினி."

அண்ணன் பிடிவாதக்காரர்தான், ஆனால் எதையும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மனிதர். போனை வாங்கி ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எண்ணினார்.

"அறுபத்துநாலுலயும் கேட்டதுன்னே போட்டிருக்கே?"

"போனதில்லையே. பொய்யா எழுத முடியும்?"

அவர் அவளுடைய போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தன் போனை நீட்டினார். "நீ எங்க இருக்கேன்னு இதுல புள்ளி ஓடுமாமே. அத வச்சுக் குடுத்துட்டுப் போ."

கடற்கரை விடுதியில் அவள் முன்பதிவு எண்ணைச் சொல்லத் தொடங்கியதுமே, மேசையிலிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"போன வருஷம் தாழ்ப்பாளு, தொழுற திசையெல்லாம் கேட்டது நீங்கதானே? எனக்குத் திசை தெரியல. விசாரிச்சு வைங்க, நாளைக்குக் கூப்பிடுறேன்னீங்க. சொன்ன மாதிரியே கூப்பிட்டீங்க. அதுக்கப்புறம் எல்லா ரூம்லயும் திசைக்கு அம்புக்குறி ஒட்ட வச்சுட்டேன்."

அறைக்குள் கூரையோரத்தில் ஒரு பச்சை அம்புக்குறி இருந்தது. அவள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுத் திறந்தாள். பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது.

சாயங்கால அஸர் தொழுதுவிட்டுக் கடலுக்கு நடந்தார்கள். முழங்காலளவு தண்ணீரில் நின்றபடியே மேப்பைத் திறந்து, அந்த விடுதிப் புள்ளியின் கீழிருந்த 'கேட்டது' என்பதை அழித்துவிட்டு 'பார்த்தது' என்று எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் போன் அடித்தது. அண்ணன்.

"புள்ளி தண்ணிக்குள்ள நிக்குதே, என்னம்மா பண்றே?"

"நனைஞ்சுட்டு இருக்கேண்ணே."

அவர் சற்று நேரம் அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி. மிச்சம் அறுபத்துமூணு இருக்கு. அடுத்தது எங்கன்னு வந்து சொல்லு."