களை விழுந்த பீக்கர்

நூலின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, விரல் நகத்தளவு, கரைசலுக்குள் இருப்பதே தெரியாத தெளிவு, தலையைச் சற்றுச் சாய்த்தால் மட்டும் ஒரு விளிம்பு மின்னிவிட்டு மறுபடி ஒளிந்துகொள்கிறது, ஜெசிந்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிகிறாள், பீக்கரின் வாயைக் கட்டியிருக்கும் பாலித்தீன் தாளில் குண்டூசியால் குத்திய ஓட்டைகள், அவற்றின் வழியே தண்ணீர் ஆவியாகப் போகப் போக உப்பு கொஞ்சம் கொஞ்சமாய் அந்த விதைப்படிகத்தின் மேல் படியும், வாரக்கணக்கில் வளரும், அவசரப்படுத்தினால் கலங்கிவிடும், இத்தனை வருடம் பேராசிரியராக இருந்து அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது மொத்தமும் இவ்வளவுதான். இது நஸ்ரினின் பீக்கர், நஸ்ரின் அவளுடைய ஆய்வு மாணவி, உதவித்தொகை விண்ணப்பத்தில் முத்திரை வாங்கப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள், லேசில் வரமாட்டாள், அங்கே ஒரு முத்திரைக்கு மூன்று மேசை, ஜெசிந்தா காலத்திலும் மூன்றுதான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள், காலையில் துறையின் பழைய மாணவர் குழுவில் வந்த செய்தி அதற்குள் கிடக்கிறது, நம் நண்பர் கோமதிநாயகம், தென்காசி, நேற்று மாலை மாரடைப்பால் காலமானார், அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள், அவளும் ஒரு கூப்பிய கையைப் போட்டாள், இருபத்தாறு வருடமாக அவனிடம் சொல்லாமல் வைத்திருந்ததற்குப் பதிலாக ஒரு கூப்பிய கை.

பீக்கரின் அடியில் கடுகளவு வெள்ளையாக ஏதோ தெரிகிறது, பக்கத்தில் இன்னொன்று, களை, ஆய்வகத்தில் அதற்கு அப்படித்தான் பேர், வேண்டாத இடத்தில் தானாக விழும் பொடிப் படிகங்கள், விட்டுவைத்தால் கரைசலில் இருப்பதையெல்லாம் அவையே தின்றுவிடும், பெருகி மேலேறிப் பெரியதோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பெரியது எதற்கும் ஆகாது, கண்டவுடன் நூலோடு படிகத்தை வெளியே தூக்கிவிட வேண்டும், கரைசலைச் சூடாக்கி வடிகட்டி மறுபடி இறக்கிக்கொள்ளலாம், தூக்குவது ஒரு நிமிட வேலை, அது அவளுக்கு அன்றைக்கும் தெரியும், அன்றைக்கும் இப்படித்தான் குனிந்திருந்தாள், இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை, தலையில் ஒரு நரைகூட இல்லை, சூடு மாறாமலிருக்கத் தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை மூழ்கி நின்றது கூட ஆய்வு செய்த கோமதியின் பீக்கர், அடியில் கடுகளவு வெள்ளை. மூணு நாளுதான் ஜெசி, அம்மைக்கு ஆபரேசன், வெள்ளிக்கிழமை காலைல வந்துருவேன், என் பீக்கரை ஒரு கண்ணு பாத்துக்கிடுதியா, என்று திங்கட்கிழமை பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் கேட்டான், இதெல்லாம் ஒரு வேலையா, போயிட்டு வா, என்றாள், சங்கரன்கோவிலில் வீட்டுக்கு அடுத்திருந்த எஸ்டிடி பூத்தின் எண்ணைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனான்.

அந்த வெள்ளிக்கிழமைதான் எல்லாம். இயற்பியலிலும் வேதியியலிலும் ஆய்வு செய்கிறவர்களுக்கு ஓர் அறக்கட்டளை மூன்று வருடம் மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தது, ஒரு வழிகாட்டியிடமிருந்து ஒரு பெயர்தான் போகலாம், தாணுமாலயன் சாரிடம் இவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருமே கையில் காசில்லாதவர்கள், சார் பாவம் நல்ல மனிதர், யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாதவர், அதனால் பாரத்தைப் படிகத்தின் தலையில் போட்டார், விண்ணப்பத்தோடு படிகத்தைக் கிராஃப் தாளில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பணும்லா, வெள்ளிக்கிழமை யாரோடது பெரிசா, அடியில இருக்க கோடு தெரியுத மாதிரி தெளிவா உக்காருதோ அவங்க பேரு போகட்டும், நான் ஆளப் பாத்துச் சொன்னேன்னு இருக்கக் கூடாது. கோமதியின் படிகம் அவளுடையதைப்போல இரண்டு பங்கு, கண்ணாடி தோற்கும், அவளுடையது பட்டாணி. தூத்துக்குடியிலிருந்து அப்பாவின் கடிதம் வந்திருந்தது, உப்பளத்தில் வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிப்போன அப்பா யாரையோ பிடித்து எழுத வைத்திருந்தார், ஜூனில் மெட்ரிக் பள்ளியில் ஒரு டீச்சர் வேலை காலியாம், சிஸ்டர் சொல்கிறார்கள், படித்தது போதும், வந்துவிடு மகளே, அந்தக் கடிதம் அவள் கைப்பையில் இருந்தது, கையோ பாலித்தீன் தாளின் முடிச்சின் மேல் இருந்தது, சுவரில் சாரின் கையெழுத்தில், பிறர் பீக்கரைத் தொடாதீர், அதை அவள் இரண்டு முறை படித்தாள், எத்தனை வசதியான வாக்கியம், கையை எடுத்துக்கொண்டாள். பூத்துக்குப் போன் பண்ணியிருக்கலாம், சாரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம், அவள் ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் செய்யாததுதான் அவள் செய்தது, வியாழக்கிழமை அந்தப் பக்கமே போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கிய சட்டையோடு அவன் பீக்கரைத் தூக்கிப் பார்க்கிறான், அடி முழுக்க வெள்ளை, படிகத்தின் ஒரு பக்கம் சுண்ணாம்புபோல வெளுத்து, ஏதேதோ முளைத்து ஒட்டிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் தராசைத் துடைக்கிறாள், துடைத்த தராசையே துடைக்கிறாள், களை விழுந்திருக்கு ஜெசி, நீ பாத்தியா, என்றான், அதட்டலாகக் கேட்டிருந்தால் உண்மை வந்திருக்குமோ என்னவோ, சாப்பிட்டியா என்று கேட்கிற மாதிரி கேட்டான், இல்ல கோமதி, நான் பாக்கல. ஆமா, நீ பாத்திருந்தா எடுத்திருப்பல்லா, எனக்குத் தெரியாதா, என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நூலைப் பிடித்தபடியே நின்றான், பிறகு, போகட்டும், ஒன் பட்டாணியே போதும், நல்லாத் தெளிவாத்தான இருக்கு, என்று தானே கிராஃப் தாளைக் கொண்டுவந்து விரித்தான், தானே விளக்கைச் சாய்த்துப் பிடித்தான், அவள் போட்டோ எடுத்தாள், படிகத்துக்கு அடியில் கோடுகள் அத்தனையும் தெரிந்தன.

விண்ணப்பம் போய் நான்கு நாள் கழித்துத் தொட்டித் தண்ணீர் மாற்றுகிற முறை அவளுடையது, காய்ந்து கிடந்த அந்தப் பீக்கரையும் கழுவ எடுத்துக் கவிழ்க்கிறாள், அடிப்பக்கம், தண்ணீருக்குள் நின்றவரை யார் கண்ணிலும் படாத இடம், வளர்ப்பவர் பெயரை அங்கேதான் மார்க்கரில் எழுதுவார்கள், கோ என்று எழுதி அடித்திருந்தது, அதன் பக்கத்தில் ஜெ, அதற்குக் கீழே திங்கட்கிழமைத் தேதி, குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பீக்கரைத் தூக்கிக்கொண்டு சார் அறைக்கு ஈரக்கையோடு ஓடினாள், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏம்மா, அவன் ஒங்கிட்ட சொல்லலியா, திங்கக்கெழம ஊருக்குப் போறதுக்கு முந்தியே வந்து, எம்பேரு வேண்டாம் சார், ஜெசி பேரையே அனுப்புங்க, அவளுக்கு இது கெடைக்கலன்னா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க, நான் டியூசன் எடுத்துச் சமாளிச்சுக்கிடுவேன்னு எழுதிக் குடுத்துட்டுல்லா போனான், போட்டோக்குப் பெரிசாக் காட்டணும், படிகத்தை அவ கையில குடுத்து நானே சொல்லிக்கிடுதேன், அதுவரைக்கும் நீங்க சொல்லிராதீங்கன்னான், என்றார். அவள் வேண்டுமென்றே பாழாக்கியது அவளுக்கே வந்துகொண்டிருந்த படிகத்தை. உதவித்தொகை கிடைத்தது, மூன்று வருடம் மாதாமாதம் கிடைத்தது, அப்பாவுக்குக் கண் ஆபரேசன் நடந்தது, ஆய்வேடு முடிந்தது, வேலை வந்தது, எதையும் அவளால் முழுதாகத் தன்னுடையது என்று நினைக்க முடிந்ததில்லை.

சொல்லாமல் இருக்கவேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும், ஒரு வருடம் டியூசனில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடியாமல் அவன் ஊர் திரும்பியபோது பேருந்து நிலையத்துக்கு அதற்காகவே போனாள், தண்ணி பாட்டில் வாங்கிட்டியா என்று கேட்டாள், வாங்கிட்டேன் என்றான், பஸ் போய்விட்டது. அவள் பேராசிரியரானபோது தென்காசி டுட்டோரியலிலிருந்து போன் செய்தான், எம்மவன் வீட்டுல படிகாரத்துல படிகம் வளக்கான் ஜெசி, மொளகு சைசுக்கு வந்திருக்கு, களை விழுந்துராம நாந்தான் காவல், என்று சிரித்தான், அவள் வாயைத் திறந்தாள், மீட்டிங் இருக்கு கோமதி, அப்புறம் கூப்பிடுதேன், என்று வைத்துவிட்டாள், அந்த அப்புறம் நேற்று மாலையோடு முடிந்துவிட்டது, இனி யாரிடம் போய்ச் சொல்வது, நின்றபடியே அழுகிறாள், கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை, கை வேறு வேலையில் இருக்கிறது.

முடிச்சை அவிழ்க்கிறாள், பாலித்தீன் தாளை விலக்கி நூலைப் பிடித்து மெல்ல, மிக மெல்லத் தூக்குகிறாள், கரைசலை விட்டு மேலே வந்ததும் அதுவரை ஒளிந்திருந்தது முழுதாகத் தெரிகிறது, எட்டு முகத்தோடும், சொட்டச் சொட்ட, மேசையில் கிடக்கும் கிராஃப் தாளின் மேல் இறக்குகிறாள், கோடு கலங்கவில்லை, தப்பித்துவிட்டது. கதவு திறக்கிறது, நஸ்ரின், கையில் முத்திரை விழுந்த காகிதம், மூன்று மேசையையும் முடித்துவிட்டாள் போலிருக்கிறது, படிகம் இல்லாத பீக்கரைப் பார்த்து முகம் வெளுக்கிறது, கிட்டே வந்து அடியில் கிடக்கும் வெள்ளையைப் பார்க்கிறாள், பிறகுதான் தாளின் மேல் படிகத்தைப் பார்க்கிறாள், மேடம், களை விழுந்திருக்கு, நீங்க பாத்தீங்களா, என்கிறாள். நூல் இன்னும் ஜெசிந்தாவின் விரலில் சுற்றியிருக்கிறது, பாத்தேன், என்கிறாள், நஸ்ரின் காகிதத்தை வைத்துவிட்டுக் கரைசலைச் சூடாக்கத் திரும்பிய பிறகு இன்னொரு முறை, யாருக்கும் கேட்காமல், பாத்தேன் கோமதி, புதன்கிழமையே பாத்தேன்.