பீரோவின் வலது கை

மாலை நாலு பத்துக்கு மூச்சுப்பிடி அண்ணனின் பிழைப்பு இருபத்து மூன்றில் நின்றது. வேண்டியது இருபத்து நாலு.

அவர் எக்ஸ்ரே எடுப்பவர். பத்தொன்பது வருஷமாக ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே அறையில், "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

லைசென்ஸைப் புதுப்பிக்க, இரண்டு வருஷத்துக்குள் இருபத்து நாலு கிரெடிட்டுக்குப் படித்திருக்க வேண்டும் என்பது கவுன்சிலின் விதி. படிப்பு என்றால், கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் பாடத்தை ஓடவிட்டுக் கடைசியில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்வது. அண்ணனும் படித்தார். போன வருஷம் ஒரு பாடம், நோயாளியின் அடிவயிற்றை ஈயத் தகட்டால் மறை என்றது. இந்த வருஷம் இன்னொரு பாடம், மறைக்காதே என்றது. இரண்டுக்கும் சரியான பதில் சொல்லி இரண்டு கிரெடிட் வாங்கிவிட்டார். அதிலிருந்து ஈயத் தகட்டைக் கண்டாலே, சண்டை தீர்ந்ததா இல்லையா என்று தெரியாத சம்பந்தியைத் தெருவில் பார்த்தவர் போல நின்றுவிடுவார்.

இன்று கடைசி நாள். ஐந்து மணிக்குக் கவுன்சிலின் வெப்சைட் மூடிக்கொள்ளும். அதற்குள் இருபத்து நாலு சேராவிட்டால் லைசென்ஸ் போயிற்று. "லைசென்ஸ் இல்லாத ஆளை மெஷின் பக்கம் விட மாட்டேன். வேற ஆள் பார்த்து வெச்சிருக்கேன்" என்று மேனேஜர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

பக்கத்து அறையில் சி.டி. ஸ்கேன் எடுக்கும் பெண், எல்லோருக்கும் ஸ்கேனம்மா, தன் இருபத்து நாலையும் ஜனவரியிலேயே முடித்தவள். முடித்தவர்களுக்கே உரிய நிதானத்தோடு வந்து திரையைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா என்ன பண்ணீங்க அண்ணே?"

"படிச்சுக்கிட்டுதான்மா இருந்தேன். இருபத்து நாலுன்னு எண்ணி வெச்சிருக்கேன். இது ஒண்ணைத் தின்னுடுச்சு."

அவள் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "ஹோட்டல் ஹால்ல ஒரு நாள் கிளாஸ் வெச்சாங்களே, இடம் வலம் மாறிப்போற தப்பைப் பத்தி. அது ஏறல. அந்த சர்டிபிகேட்டை மட்டும் நாமளே அப்லோட் பண்ணணும்னு சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"நீங்க டீ வரிசையில நின்னப்ப."

"இப்பப் புதுசா ஒரு பாடம் படிச்சா?"

"ஒரு மணி நேரம் ஓடணும். மணி நாலு பத்து."

"அஞ்சு பத்து ஆயிடுமே."

"கணக்கெல்லாம் நல்லாத்தான் வருது உங்களுக்கு."

அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் மனைவியின் குரல் வந்தது.

"ஏம்மா, பீரோவைத் திற. மேல் தட்டு, வலது பக்கம், நீல ஃபைல்."

"போர்வைதாங்க இருக்கு."

"போர்வைக்கு அடியில பாரு."

"அடியிலயும் போர்வைதான்."

"பத்திரமா வெச்சேனேம்மா."

"பத்திரமாவா? அப்ப கிடைக்காது."

"நீ எந்தப் பக்கம் பாக்கற?"

"வலது பக்கம்."

"அதேதான். வலது பக்கம்."

இப்படியே அரை மணி நேரம் போனது. போர்வைகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. இருவரும் வலது பக்கம் என்பதில் துளியும் கருத்து வேறுபாடு இல்லாமல் சண்டை போட்டார்கள். இதற்கிடையில் முழங்கால் வலி என்று ஒரு பஸ் டிரைவர் டாக்டர் எழுதிய சீட்டோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "அஞ்சு நிமிஷம் இருங்க" என்றார் அண்ணன்.

ஸ்கேனம்மாவுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பது எதிரில் நிற்கும் ஆளைப் பார்ப்பது போல. அவர் வலது கை நமக்கு இடப்பக்கம் இருக்கும். பத்தொன்பது வருஷம் அப்படியே பார்த்த கண்ணுக்கு, எதிரில் நிற்பதெல்லாம் நோயாளிதான்.

அவள் போனை வாங்கினாள். "அண்ணி, இடது பக்கம் பாருங்க."

"அவர் வலதுன்னு கத்தறாரேம்மா."

"அவர் பீரோவோட வலது கையைச் சொல்றார் அண்ணி. பீரோ நம்மளைப் பாத்து நிக்குதில்ல."

அந்தப் பக்கம் பீரோவின் இன்னொரு கதவு கிறீச்சிட்டது. பிறகு காகிதம் சரசரத்தது. "நீல ஃபைல் இருக்கு. கல்யாணமான நாளா இந்த வீட்ல ஒரு சாமான் ஏன் கிடைக்கறதில்லைன்னு இப்பத்தான் தெரியுது."

நாலு நாற்பத்தெட்டுக்கு சர்டிபிகேட்டின் போட்டோ வந்தது. அண்ணன் ஏற்றினார். "எழுத்துகளைப் படிக்க இயலவில்லை" என்று வெப்சைட் சிவப்பில் சொன்னது. மறுபடி ஏற்றினார். மறுபடி சிவப்பு.

"எனக்கு நல்லாத் தெரியுதேம்மா. பேர் இருக்கு, தேதி இருக்கு, முத்திரை இருக்கு."

ஸ்கேனம்மா குனிந்து பார்த்தாள். எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல் வலமிருந்து இடமாக ஓடின. அண்ணி செல்ஃபி எடுக்கும் பக்கத்துக் கேமராவில் எடுத்திருந்தார்.

"இதையா படிச்சீங்க?"

"ம்."

"எப்படி அண்ணே?"

அண்ணனுக்குக் கேள்வியே புரியவில்லை. அவள் பேச்சை விட்டுவிட்டுப் படத்தை இடவலமாகத் திருப்பிக் கொடுத்தாள். இப்போதுதான் அவருக்கு ஏதோ தப்பாகத் தெரிந்தது. இருந்தாலும் ஏற்றினார். நாலு ஐம்பத்தேழு. சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றது. இருபத்து நாலு. பச்சை.

"பொழச்சீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கேனம்மா தன் அறைக்குப் போனாள். அண்ணன் இன்னும் இரண்டு தடவை அந்த எண்ணைப் பார்த்தார். அது திரும்பியிருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று அவரால் சத்தியம் செய்ய முடியவில்லை.

பிறகு டிரைவரை உள்ளே கூப்பிட்டு மேஜையில் படுக்க வைத்தார். சீட்டில் "வலது முழங்கால்" என்று இருந்தது. படத்தில் எந்தப் பக்கம் என்று காட்டுவதற்கான ஈய எழுத்துகளில் வலதுக்கு உரியதை எடுத்தார். வைக்கப் போன கை நின்றது.

"எந்தக் கால் வலிக்குது?"

"சீட்டுல எழுதியிருக்கே சார்."

"சீட்டை விடுங்க. கையை வெச்சுக் காட்டுங்க."

டிரைவர் இடது முழங்காலில் கை வைத்தார். "இதோ, கிளட்ச் மிதிக்கிற கால்."

அண்ணன் சீட்டைப் பார்த்தார். காலைப் பார்த்தார். மேஜையைச் சுற்றி மறுபக்கம் போய் அங்கிருந்தும் பார்த்தார். அங்கிருந்தும் அது கிளட்ச் கால்தான். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டருக்குப் போன் செய்தார்.

"டாக்டர், பஸ் டிரைவருக்கு வலதுன்னு எழுதியிருக்கீங்க. அவர் இடதைக் காட்டறார்."

"வலதுதான்பா. என் கண்ணு முன்னால தொட்டுக் காட்டினாரு."

"அப்ப அவர் எங்க உக்காந்திருந்தார் டாக்டர்?"

"எனக்கு எதிர்ல."

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சரி, இடதையே எடுத்துடு" என்றார் டாக்டர். "ஆனா யாரோட இடதுன்னு நல்லாப் பாத்துக்க."

"சார், ஆறு மணிக்கு நான் டெப்போவுல இருக்கணும்" என்றார் மேஜை மேல் டிரைவர். "ஏதோ ஒரு காலை முடிவு பண்ணுங்க."

அண்ணன் ஈய எழுத்தை மாற்றி வைத்தார். தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார்.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க."

முழங்காலுக்கு மூச்சைப் பிடிக்க வேண்டியதில்லை. டிரைவர் பிடித்தார்.